தாழிக்கு வந்த மரியாதை

எங்கள் ஊர் அர்தேவானியில் ஒயின் இல்லாத ஒரே கட்டடம் ஒயின் மரபு அருங்காட்சியகம்தான். பள்ளிக்கூடத்தில்கூட ஆசிரியர் அறை அலமாரியில் ஒரு குடுவை எப்போதும் இருக்கும். முப்பத்தோரு வருடம் அங்கே பூகோளம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். அருங்காட்சியக வாசலில் மட்டும், ‘உள்ளே மது அருந்தக் கூடாது, மது வாசனையோடும் வரக் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியால்தான் ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே போனதில்லை.

அதன் இயக்குநர் அப்போலோன் ஐயா ஒயின் பண்பாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மரபுப்படி ஒயின் செய்வது எப்படி என்று நானூறு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறார். வயிற்றுப்புண் இருப்பதால் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார். “தள்ளி நின்னு பார்த்தாத்தான் எதையும் ஒழுங்கா ஆராய முடியும்” என்பார்.

போன மார்ச் மாதக் கடைசியில் தலைநகர் திபிலிசியிலிருந்து அவருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு அருங்காட்சியகமும் காலாண்டு முடிவதற்குள் ஒரு பழம்பொருளையாவது, அது இருக்கிற இடத்திலேயே வைத்துப் பாதுகாக்க வேண்டும். காலாண்டு முடிய நான்கு நாள் இருந்தது. அருங்காட்சியகத்துக்கு மிகவும் பக்கத்தில் இருந்த வீடு எலிஸ்பாருடையது.

எலிஸ்பாருக்கு அந்தப் பக்கம் அருங்காட்சியகம் என்றால் இந்தப் பக்கம் என் வீடு. அதிகம் பேசாத ஆள். பேசினாலும் பாதியைத் திராட்சைக் கொடிகளிடம் பேசிவிடுவான். அவனுடைய கொட்டகையில், கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு பெரிய மண்தாழி இருக்கிறது. கழுவ இறங்கினால் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அக்டோபரில் திராட்சையை மிதித்துச் சாறு, தோல், காம்பு எல்லாவற்றையும் அதற்குள் விட்டு, மூடி போட்டு, ஈரமண் பூசி அடைப்பான். ஏப்ரலில் திறந்து, சக்கையிலிருந்து ஒயினைப் பிரித்து எடுப்பான்.

இதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஜூலையில் விழுந்த ஆலங்கட்டி மழை ஊர்த் தோட்டங்களை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. மேட்டுக்குப் பின்னால் இருந்ததால் எலிஸ்பாரின் தோட்டம் மட்டும் தப்பியது. ஆக, அந்தக் குளிர்காலத்தில் ஊரில் நிறைந்திருந்த ஒரே தாழி அவனுடையது. அவன் மகள் தேக்லேவுக்கு ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு கல்யாணம். இருநூறு பேருக்கு மேல் வருவார்கள். அந்தத் தாழியை நம்பித்தான் தேதி குறித்திருந்தார்கள்.

இயக்குநர் கையில் அளவு நாடாவோடு வந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அவருடைய டிரைவர் கோச்சா. தாழியின் கழுத்தோரம் மண்ணைச் சுரண்டியபோது குயவனின் பெருவிரல் தடமும் மூன்று எழுத்துகளும் தெரிந்தன. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எத்தனை வருஷமா இருக்கு இது?”

“தெரியலீங்க. எங்க தாத்தாவுக்கு முன்னாடியே இருந்துச்சாம்.”

“அப்ப முன்னூறு வருஷம்னு போட்டுக்கறேன்.”

“நானூறு போடலாமே ஐயா?” என்றான் கோச்சா, நாடாவின் மறுமுனையிலிருந்து.

“காலாண்டுக்கு முன்னூறே போதும்.” எழுதி முடித்த இயக்குநர், எலிஸ்பாரைக் கட்டிப் பிடித்தார். “வாழ்த்துகள்! இந்த நிமிஷத்துல இருந்து இந்தத் தாழி உங்களோடது இல்ல.”

எலிஸ்பார் நன்றி சொன்னான். வீட்டுக்கு வந்தவர் வாழ்த்தினால் நன்றி சொல்வதுதானே வழக்கம். என்ன சொன்னார் என்பது, அவர்கள் போன பிறகு, மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்த காகிதப் பட்டையையும் வட்ட முத்திரையையும் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. பக்கத்தில் ஒரு அட்டை நட்டிருந்தார்கள். ‘காட்சிப்பொருள் எண் 117. தாழி. நிலை: நிறைந்தது.’

வந்த வினை எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது.

ஏப்ரல் பத்தாம் தேதி எலிஸ்பார் சட்டை மாற்றிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனான். துணைக்கு என்னையும் கூட்டிப்போனான்.

“ஐயா, தாழியை நீங்களே வெச்சுக்கங்க. உள்ள இருக்கறதை மட்டும் எடுத்துக்கறேன்.”

“பதிவேட்டுல என்ன போட்டிருக்கு எலிஸ்பார்? ‘நிறைந்தது.’ நீங்க எடுத்தா அது என்ன ஆகும்?”

“காலியாகும்.”

“அதாவது, சேதமாகும்.”

“அது ஒயினுங்க. குடிக்கத்தான் போட்டு வெச்சேன்.”

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “எல்லாரும் இப்படித்தான் நினைக்கறாங்க. யோசிச்சுப் பாருங்க, எட்டாயிரம் வருஷமா ஒயின் போடற நாடு நம்மது. அவ்வளவும் எங்க? குடிச்சுட்டாங்க. நம்ம மரபுக்கு இவ்வளவு பெரிய அழிவை வேற எவனும் செஞ்சதில்ல.”

“சீக்கிரம் சக்கையில இருந்து பிரிக்கலேன்னா புளிச்சுரும் ஐயா. காடியாயிரும்.”

“காடி எங்க துறையில வராது, அது உணவுத் துறை. ஆனதும் ஒரு மனு எழுதிக் குடுங்க, அவங்களுக்கு மாத்தி விடறேன்.”

எலிஸ்பார் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். நான்தான் குறுக்கே புகுந்து, வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட பாரம்பரிய ஒயின் தயாரிப்பாளர் ஒருவர், தன் பொறுப்பில் காட்சிப்பொருளைத் தொடலாம். அதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். சனிக்கிழமை நடக்கும்.

தேர்வுக்குக் குறைந்தது இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் கோச்சாவையும் உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டதால் இரண்டு விடைத்தாளையும் நான் பார்த்தேன். ‘தாழியின் மூடியை எப்போது திறக்க வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. எலிஸ்பார், ‘மேலே பூசின மண்ணில் மூக்கை வைத்தால் தெரியும்’ என்று எழுதியிருந்தான். தவறு. சரியான விடை: ‘ஏப்ரல் 14, காலை பத்து மணி. விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள்.’ இன்னொரு கேள்வி: ‘ஒயின் கெட்டுப்போனால் பாரம்பரியத் தயாரிப்பாளர் என்ன செய்வார்?’ எலிஸ்பாரின் விடை, ‘அழுவான்.’ சரியான விடை, ‘ஏழாம் எண் படிவத்தை நிரப்புவார்.’

நாற்பதுக்கு எலிஸ்பார் பதினொன்று வாங்கினான். கோச்சா முப்பத்தெட்டு. ஒன்பது வருடமாக இயக்குநருக்குக் கார் ஓட்டுகிறவன். காரில் போகும்போதெல்லாம் அவர் தன் கையேட்டை உரக்கப் படிப்பார். இறங்கி ஓடவும் முடியாது. வாழ்நாளில் எஞ்சின் ஆயிலைத் தவிர வேறெதையும் வடித்து எடுக்காத கோச்சா, அங்கீகரிக்கப்பட்ட பாரம்பரிய ஒயின் தயாரிப்பாளரானான். அவனுக்குக் கம்பளித் தொப்பியும், மார்பில் தோட்டா வரிசை வைத்துத் தைத்த, அந்தக் காலத்து வீரர்கள் போட்ட மாதிரி நீண்ட அங்கியும் கொடுத்தார்கள். தினமும் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை எலிஸ்பாரின் கொட்டகையில் தாழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கொட்டகைக்குள் போக எலிஸ்பார் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

முதல் நாளே கோச்சா அவன் காதருகே வந்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மூடியை எந்தப் பக்கம் திருகணும்?”

“திருகக் கூடாது. தூக்கணும்.”

“கையேட்டுல அது இல்லியே அண்ணே.”

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குத் திறக்கலாம் என்று நம்பியிருந்தோம். தயாரிப்பாளர் தொடலாம், ஆனால் ‘நிறைந்தது’ என்ற நிலை மாறக் கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கோச்சா மூடியைத் தொட்டான். அதைப் படம் எடுத்தார்கள். தேதி கடந்து போனது.

அதற்குப் பிறகு எலிஸ்பார் தினமும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், தரையில் குப்புறப் படுத்து, பூசின மண்ணில் மூக்கை வைத்துக்கொண்டு கிடப்பான். எப்போதாவது வந்து நிற்பவர்களுக்குக் கோச்சா அவனையும் சேர்த்து விளக்கினான்.

ஈஸ்டர் வந்து போனது. ஒரு மத்தியானம் எலிஸ்பார் கொட்டகையிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்து, சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தேக்லேவும் அவள் அம்மா மாக்வாலாவும் கல்யாணத்துக்குத் தட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் மாக்வாலா.

“நேரம் ஆயிருச்சு. வாசனை மாறுது.”

“ஜெயில்ல உக்காந்து பொண்ணைக் கட்டிக் குடுப்பியா? கீழ வைய்யா அதை.”

தேக்லே எழுந்து வந்து கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, டவுன் கடையில வாங்கிக்கலாம்ப்பா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“கடை ஒயினா?” மாக்வாலாவுக்குக் குரல் ஏறிவிட்டது. “சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி பாட்டில் மூடி திருகற சத்தம் கேக்கணுமா? அதுக்கு நான் கிணத்துல குதிச்சிடறேன்.”

“கிணத்துக்கு நம்பர் போட்டுட்டாங்களான்னு முதல்ல கேட்டுக்க,” என்றான் எலிஸ்பார். சிரிக்கவில்லை. கடப்பாரையை மகள் கையிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். “ஆறு மாசமா அதுக்குள்ள மூச்சு விட்டுட்டு இருக்கு. நான் மேல படுத்துக் கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணும் செய்ய முடியல,” என்றான் விரல்களுக்குள்ளேயே.

அந்த நேரத்தில் நர்கிஸா உள்ளே வந்தாள். அருங்காட்சியகத்தில் நுழைவுச் சீட்டு கொடுப்பவள்; தேக்லேவுக்கு ஞானத்தாய். கையில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது.

“நாள் பூரா அந்தக் கூண்டுல உக்காந்திருக்கேன். ஒருத்தரும் வர்றதில்ல. விதிப் புத்தகத்தைத் தவிர படிக்க வேற என்ன இருக்கு?” என்று விரலை வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். “முப்பத்தொண்ணாவது விதி. ‘வாழும் மரபைப் பார்வையாளருக்குச் செயல்முறையாகக் காட்டலாம். வழிகாட்டியின் ஓர் உரைக்குப் பின், ஒரு நுழைவுச் சீட்டுக்கு ஒரு கிண்ணம் சுவைக்கக் கொடுக்கலாம். இதனால் ஏற்படும் குறைவு இயல்பான தேய்மானமாகக் கருதப்படும்.’”

“ஒரு கிண்ணத்துல என்னடி கல்யாணம்?” என்றாள் மாக்வாலா.

“காதைக் குடு. ஓர் உரைக்கு ஒரு கிண்ணம். எத்தனை உரைன்னு போடல.”

நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் விருந்துத் தலைவர் என்று ஒருவர் உண்டு. அவர் எழுந்து வாழ்த்துரை சொல்லாமல் யாரும் கிண்ணத்தை வாயில் வைக்கக் கூடாது. கடவுளுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, மணமக்களுக்கு, பெற்றவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு, இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஊரில் முப்பது வருடமாக அந்தப் பதவி என்னிடம்தான் இருக்கிறது.

“இந்த விதியை எழுதினவன் கல்யாணத்துக்கே போனதில்ல போலிருக்கே,” என்றேன்.

“நம்ம இயக்குநர்தான் எழுதினார். போனாலும் பச்சைத் தண்ணி குடிச்சிட்டு வந்துடுவார்,” என்றாள் நர்கிஸா.

மறுநாளே அவள் என்னைத் தற்காலிக வழிகாட்டியாகப் பதிவு செய்தாள். புகைப்படம் இரண்டு, குரல் தெளிவாக இருப்பதாக டாக்டர் சான்று ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் கொண்ட ஒரு குழு வருவதாக இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள். இருநூறு என்பதை அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்கவில்லை.

கல்யாணம் மாதா கோவிலில் முடிந்து ஊர்வலம் எலிஸ்பார் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கே மேசை போட்டு நர்கிஸா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசம், ஆனால் சீட்டு கட்டாயம். அருங்காட்சியக வழக்கப்படி எல்லோரும் காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் குர்ஜானி ஊர்க்காரர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. “கல்யாணத்துக்கு வந்தவனை நிறுத்திச் சீட்டு குடுக்கறீங்களா? என்ன குடும்பம்டா இது!” என்று கத்தினார்.

“பாதிரியாரே வாங்கிட்டார் ஐயா. நீங்க அவருக்கும் மேலயா?” என்றாள் நர்கிஸா.

பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே உறை மாட்டிக்கொண்டிருந்தார். தாய்மாமன் அடங்கினார். அவர் காலுக்கு உறை போதாமல் இரண்டு பை வைத்துக் கட்டினோம்.

கொட்டகைக்குள் எலிஸ்பார் நின்றான், பார்வையாளர் எண் ஒன்று. கோச்சா அங்கியும் தொப்பியுமாகத் தாழிக்கு முன்னால் மண்டியிட்டு முத்திரையைக் கிழித்தான்.

“ஓரத்து மண்ணை முதல்ல வழி. உள்ள விழுந்துச்சுன்னா போச்சு,” என்றான் எலிஸ்பார் பின்னாலிருந்து.

கோச்சா கொஞ்சம் வழித்தான். பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினான். “என்னால ஆகாது அண்ணே. இந்த அங்கியை நீங்க போட்டுக்கங்க.”

“அங்கி வேணாம். நகரு.”

எலிஸ்பார் மண்ணை வழித்து, துணியால் ஓரத்தைத் துடைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல மூடியைத் தூக்கினான். வாசனை எழுந்தது. எனக்குக் கொஞ்சம் புளிப்பாகப் பட்டது. பக்கத்தில் மாக்வாலாவின் முகமும் அப்படித்தான் சொன்னது. நீளக் காம்பு வைத்த சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு அவன் மொண்டான். தேன் நிறத்தில் வந்தது. வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான்.

“என்னய்யா? சொல்லித் தொலை,” என்றாள் மாக்வாலா.

“பத்து நாள் லேட்டு.”

“அப்புறம்?”

“கோவமா இருக்கு.” இன்னொரு மடக்கு குடித்தான். கண்ணோரம் ஈரம். “ஆனா நல்லா இருக்கு.”

“உரை இன்னும் ஆகல! உரைக்கு முன்னாடி சுவைக்கக் கூடாது!” என்று, பதிவேட்டோடு வாசலில் வந்து நின்ற இயக்குநர் கத்தினார்.

எனவே நான் தொடங்கினேன். முதல் உரை கடவுளுக்கு. இருநூறு கிண்ணம் உயர்ந்தது. இரண்டாவது அமைதிக்கு. மூன்றாவது மணமக்களுக்கு. ஒவ்வொன்றையும் இயக்குநர் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டார். தலைப்பு என்ற இடத்தில் ‘பொது’ என்று எழுதினார். முற்றத்தில் மேளம் கேட்டது. தேக்லே வெள்ளைக் கவுனும் நீல உறையுமாக ஆடினாள். ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக் என்றது. பார்வையாளர்கள் அம்புக்குறி காட்டும் திசையில்தான் நகர வேண்டும் என்பதால் வட்டமாக ஆடியவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியதற்கு ஒயினைக் குற்றம் சொல்ல முடியாது.

போய்ச் சேர்ந்தவர்களுக்கான உரையின்போது இயக்குநரும் எழுந்து நின்றார், கையில் சோடாத் தண்ணீரோடு. முடிந்ததும் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே, பதினொரு வருஷமா மரபை மக்கள்கிட்ட இருந்து காப்பாத்திட்டு வர்றோம். சாதாரண வேலை இல்ல. பூட்டு மட்டும் நாற்பத்திரண்டு. இன்னிக்குத்தான் முதல் தடவையா மக்களையும் மரபையும் ஒரே அறையில விட்டிருக்கேன். இதுவரைக்கும் மரபுக்கு எந்தச் சேதமும்...” தாய்மாமன் கையிலிருந்து ஒரு கிண்ணம் விழுந்து உடைந்தது. இயக்குநர் காத்திருந்தார். “...பெரிய சேதம் எதுவும் இல்ல. மக்களுக்கும் இல்ல. இது எதனாலன்னு ஆராயணும்.”

அதுவும் ஓர் உரை என்பதால் எல்லோரும் ஆரவாரமிட்டு ஒரு கிண்ணம் குடித்தோம். தன் பேச்சு முடிந்ததும் ஜனங்கள் சந்தோஷப்படுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. மறுபடி எழுந்து இன்னும் இரண்டு முறை பேசினார்.

வெயில் தாழும்போது சுரைக்குடுக்கை அடியில் சக்கையைச் சுரண்டியது. பத்தொன்பது உரைகள்.

திங்கட்கிழமை காலை எலிஸ்பார் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்தால் கூடப் போக நானும் உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் தனியாக வந்தார், பதிவேடும் பேனாவுமாக. எலிஸ்பார் எழுந்து நின்றான்.

“காலி ஐயா. முழுசா காலி. நான்தான் பொறுப்பு.”

இயக்குநர் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. “இருநூத்தி இருபத்தெட்டுப் பேர்,” என்றார். “போன வருஷம் பூரா முப்பத்தாறு. அதுல பதினேழு பேர் கழிப்பறை எங்கன்னு கேட்டு வந்தவங்க. திபிலிசியில இருந்து போன் வந்துச்சு எலிஸ்பார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பதினொரு வருஷத்துல என் பேரை யாரும் அங்க சரியா சொன்னதில்ல.”

“அப்ப தாழி?”

“அக்டோபர்ல நிரப்புங்க. நிரப்பித்தான் ஆகணும். காலித் தாழியைப் பார்க்க எவன் வருவான்?”

எலிஸ்பார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். இயக்குநரும் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார்.

“வர்ற வருஷத்துக்கான திட்டம் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். இன்னொரு பொண்ணு இருக்கா?”

“இல்லீங்க.”

“பையன்?”

“அவனுக்கு முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு.”

இயக்குநர் பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டார். “இழவு விருந்துக்கும் நம்ம பக்கம் இதே மாதிரி கூட்டம் வருமில்ல?”

“அதுக்கு இன்னும் ஜாஸ்தி. கூப்பிடாமலே வருவாங்க.”

“உரையும் நிறைய இருக்கும்.” குறித்துக்கொண்டார். “வீட்டுல ரொம்ப வயசானவங்க யாரு?”

எலிஸ்பார் யோசித்தான். வீட்டைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான். “நான்தாங்க. அறுபத்திரண்டு.”

இயக்குநர் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். “உடம்பெல்லாம் எப்படி இருக்கு?”

கழுவின தட்டோடு மாக்வாலா வெளியே வந்தாள். “கல்லு மாதிரி இருக்கான். கிளம்புங்க நீங்க.”

அவர் வருத்தத்தோடு ஒரு கட்டத்தில் ‘வாய்ப்பில்லை’ என்று எழுதிப் பதிவேட்டை மூடினார். வாசல்வரை போனவர் நின்று, திரும்பி, பதிவேட்டை மறுபடி திறந்தார்.

“வாத்தியாரே, உங்களுக்கு எழுபது தாண்டியாச்சில்ல?”